நிரந்தரமாக வேண்டாம், வீடு கிடைக்கும்வரை வைத்துக்கொள்ளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொஞ்ச நாட்களாக உங்கள் பத்திரிகையில் தெருநாய் பற்றிய கடிதங்கள் மாறி மாறி வருகின்றன. ஒருவர் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு போங்கள் என்கிறார், இன்னொருவர் வாயில்லா ஜீவன் என்கிறார், மூன்றாவதாக ஒருவர், நாய் மேல் பாசம் இருப்பவர்கள் ஆளுக்கு நாலு நாயை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகட்டுமே என்று எழுதியிருந்தார். அந்த மூன்றாவது கடிதத்துக்குத்தான் இந்தப் பதில். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் சொன்னதில் பாதி நடக்கக்கூடியது என்பதால்தான் எழுதுகிறேன். ஆயுள் முழுக்க நாலு நாய் வளர்ப்பது பெரும்பாலானவர்களால் ஆகாத காரியம். ஆனால் ஒரே ஒரு நாயை, அதற்கு நல்ல வீடு அமையும்வரை, சில வாரமோ ஒன்றிரண்டு மாதமோ வைத்துப் பார்த்துக்கொள்வது நம் ஊரில் நிறையப் பேரால் முடியும். அப்படி ஒரு வழி இருப்பதே பலருக்குத் தெரியவில்லை.

நான் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் இருக்கிறேன். சொந்த வீடு, பின்னால் கிணற்றடியும் கொஞ்சம் வெற்று இடமும் உண்டு. வண்டியில் அடிபட்டது, தாயில்லாத குட்டி, வளர்த்தவர்களே விட்டுவிட்டுப் போனது என்று இங்குள்ள பையன்களும் பெண்பிள்ளைகளும் தூக்கிக்கொண்டு வரும் நாய்களில் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வேன். தத்தெடுக்க சரியான ஆள் வந்ததும் கொடுத்துவிடுவேன். அப்புறம் வீட்டில் எல்லாருக்கும் கொஞ்ச நாள் ஓய்வு, அதற்குப் பிறகு அடுத்தது. இப்படி வீடு அமையும்வரை வைத்துப் பார்ப்பதற்கு ஃபாஸ்டர் என்று பெயர், பெங்களூரிலும் சென்னையிலும் அதை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே ஒரு நாயைப் பார்த்தால் ஒன்று வளர்க்க வேண்டும், இல்லை விரட்ட வேண்டும் என்ற இரண்டு வழிதான் எல்லாருக்கும் தோன்றுகிறது. பக்கத்து வீட்டு அக்கா இன்றைக்கும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "நீயே வெச்சுக்கப் போறதில்லைன்னா அப்புறம் எதுக்கு இவ்வளவு பாடு?"

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தெருவில் நன்றாக இருக்கிற நாயையெல்லாம் வீட்டுக்குள் கொண்டுவருவது இந்த வேலை இல்லை. 2023-ல் வந்த விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள்படி (2001-ல் இருந்த பழைய விதிகளுக்குப் பதிலாக வந்தவை இவை) தெருநாயைப் பிடித்தால் கருத்தடை ஆபரேஷன் செய்து, வெறிநோய் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட வேண்டும். அதுதான் பொதுவான முறை. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் அதுதான். வெறிநோய் உள்ளதும் மூர்க்கமானதும் மட்டும் விலக்கு. அதே உத்தரவில் தத்தெடுப்பதைப் பற்றியும் ஒரு வரி இருக்கிறது: விருப்பம் உள்ளவர்கள் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்து தெருநாயைத் தத்தெடுக்கலாம், தத்தெடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு. அப்புறம் நவம்பர் 7 அன்று வந்த உத்தரவு பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் இருந்து பிடிக்கும் நாய்களைத் திரும்ப அங்கேயே விடக்கூடாது, காப்பகத்துக்கு மாற்ற வேண்டும் என்றது. காப்பகம் என்பது இடம் பார்த்து, பணம் ஒதுக்கி, கட்டி, ஆள் போட்டு நடக்க வேண்டிய காரியம். அது ஆகும்வரை அந்த நாய்களில் சாதுவானவை, வீட்டுக்குப் பழகக்கூடியவை எங்கே இருக்கும்? இதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

தெருவுக்குத் திரும்ப முடியாத நாய்களும் இருக்கின்றன. காலை இழந்தது, கண் போனது, கண்கூடத் திறக்காமல் சாக்குப்பையில் கட்டிப் போடப்பட்ட குட்டிகள், பிறந்ததில் இருந்து சோபாவில் படுத்துப் பழகி ஒருநாள் காரில் இருந்து இறக்கிவிடப்பட்ட சீமை நாய்கள். இவைதான் நான் பேசுகிறவை. சந்தை நாளில் ஆள் நடமாட்டம் இருக்கும், யாராவது சோறு போடுவார்கள் என்று நினைத்துக் குட்டிகளைக் கொண்டுவந்து விடுகிறார்கள். அதில் முக்கால்வாசி பொட்டைக் குட்டிகள். கடுவனை வைத்துக்கொண்டு பொட்டையை விடுவது நம் பக்கம் இன்னும் போகவில்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை குட்டி போடும், வாசலில் கடுவன் கூட்டம் சேரும் என்பது காரணம். ஒரு ஆபரேஷனில் தீர்கிற விஷயம் அது, ஆபரேஷன் ஆன பொட்டை நாய் கர்ப்பப்பையில் சீழ் பிடித்துச் சாவதும் இல்லை. ஆனால் அந்த ஒரு நாள் வேலைக்குப் பயந்து ஒரு ஈற்றையே ரோட்டில் விடுகிறார்கள்.

வளர்த்த பிராணியைப் பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி கைவிடுவது 1960-ஆம் வருஷத்து பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயில் இருந்து 50 ரூபாய்க்குள். எழுத்துப் பிழை இல்லை, ஐம்பது ரூபாய்தான். அறுபது வருஷத்துக்கு மேலாக அந்தத் தொகை மாறவில்லை என்பது எனக்கு ஆறவே ஆறாத வருத்தம்.

இப்போது மீட்பு வேலை செய்கிறவர்களின் நிலைமையைச் சொல்கிறேன். பெரும்பாலும் கல்லூரி படிக்கிற, சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்க்கிற இளவட்டங்கள். நாற்பத்து நாலாம் நம்பர் நெடுஞ்சாலை நம் ஊர் நடுவே போவதுபோல் போகிறது, சூளகிரி தொடங்கி தொப்பூர் கணவாய்வரை ராத்திரியில் நாய் அடிபடாத நாள் இல்லை. தூக்கி எடுத்து டாக்டரிடம் காட்டிக் கட்டுப் போடும்வரை இவர்களால் முடிகிறது. அதற்குப் பிறகு எங்கே வைப்பது? தங்கியிருப்பது வாடகை அறை, அம்மா அப்பா திட்டுவார்கள். ஒரு தம்பி வேலை செய்யும் கடையின் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் கார்ட்போர்டு பெட்டி வைத்து ஒரு நாயைக் காப்பாற்றினான். அந்த மாதிரி சமயத்தில்தான் பலர் மனசைக் கல்லாக்கிக்கொண்டு, முழுசாக ஆறாத நாயைத் தெருவில் விட்டுவிடுகிறார்கள். மருந்துக்குப் பணம் எப்படியாவது கேட்டு வாங்கிவிடுகிறார்கள், எனக்குத் தெரிந்தவரை இடம்தான் கிடைப்பதில்லை. ஒரு வீட்டில் ஒரு மூலை கிடைத்தால் ஒரு நாய் பிழைக்கும். இதில் வேறு பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை.

என்ன செய்ய வேண்டியிருக்கும் என்று பலர் பயப்படுகிறார்கள், அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

இப்போது என்னிடம் இருப்பது செவலை. பொட்டை, பல்லைப் பார்த்து இரண்டு வயசு இருக்கும் என்றார் டாக்டர். சர்வீஸ் ரோட்டில் அடிபட்டுக் கிடந்தது, பின்னங்கால் ஒன்றை எடுக்க வேண்டியதாகிவிட்டது. வந்த புதிதில் கிணற்றடிச் சுவர் ஓரமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தே இருக்கும், சாப்பாடு வைத்துவிட்டு நாம் நகர்ந்தால்தான் சாப்பிடும். அந்த மாதிரி நாளில் நாம் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை என்பதுதான் உண்மை. தடவிக்கொடுக்கக் கூடாது, கிட்டே போய்ப் போய்ப் பார்க்கக் கூடாது, சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டக் கூடாது. தண்ணீர், சாப்பாடு, ஒரு சாக்கு, யாரும் குறுக்கே போகாத ஒரு மூலை. நாய் வளர்ப்பவர்கள் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். மூன்று நாளில் பயம் கொஞ்சம் தெளியும், மூன்று வாரத்தில் வீட்டு நடைமுறை பழகும், மூன்று மாதத்தில் இது என் வீடு என்று நம்பும். எல்லா நாய்க்கும் அப்படியே பொருந்தாது, ஆனாலும் முதல் நாளே வாலை ஆட்டவில்லை என்று ஒரு நாயைப் பற்றி முடிவு கட்டுகிறவர்களுக்கு இதைச் சொல்லிவைப்பது நல்லது. செவலை மூன்று காலில் நடக்கப் பழகியது நாங்கள் நினைத்ததைவிடச் சீக்கிரம். நாய்கள் இதற்கு மனுஷர்களைவிட வேகமாகப் பழகிவிடும், ஆனால் டைல்ஸ் தரையில் வழுக்கும். அதனால் நடை முழுக்கப் பழைய சாக்கை விரித்துவிட்டோம். எடை ஏறவிடக்கூடாது என்றும் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார், மிச்சம் இருக்கும் பின்னங்காலின் மூட்டு எல்லாப் பாரத்தையும் தாங்க வேண்டும்.

வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால் புதிதாக வருவதை இரண்டு வாரமாவது தனியாக வைக்க வேண்டும். தட்டு தனி, துணி தனி. உண்ணி பார்க்க வேண்டும், குடற்புழு மருந்து கொடுக்க வேண்டும், தடுப்பூசி தொடங்க வேண்டும். எங்கள் பக்கம் உண்ணிக் காய்ச்சல் அதிகம். நாய் சோறு தொடாமல், ஈறு வெளுத்து, சுருண்டு படுத்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் ரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோய்விடுங்கள், நேரத்தில் பிடித்தால் மாத்திரையிலேயே சரியாகும். நமக்குக் காய்ச்சல் வந்தால் போடும் பாராசிட்டமாலை நாய்க்குக் கொடுக்கவே கூடாது. நல்ல எண்ணத்தில் கொடுத்து நாயை இழந்த வீடுகள் இருக்கின்றன.

குட்டி என்றால் பார்வோ என்கிற வைரஸ் நோய்தான் பயம். இதைப் பற்றிச் சொல்லாமல் யாரையும் குட்டி வைத்துக்கொள்ளச் சொல்லமாட்டேன். ஒன்றரை மாதத்தில் இருந்து ஆறு மாதம்வரை உள்ள குட்டிகளைத்தான் அதிகம் பிடிக்கும். காலையில் ஓடி விளையாடியது மத்தியானம் வாந்தி எடுக்கும், ராத்திரி ரத்தமாகப் பேதி போகும், அந்த நாற்றம் ஒருமுறை தெரிந்தவர்களுக்கு மறக்காது. டிரிப்ஸ் ஏற்றி ராப்பகலாகப் பார்த்தால் பிழைப்பவையும் உண்டு, ஒரே ஈற்றில் பாதி போய்ப் பாதி நின்றதும் உண்டு. இந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில், ஒரு வருஷம்வரைகூட இருக்கும். பினாயில் ஊற்றிக் கழுவிவிட்டோம் என்று நம்ப முடியாது, ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து தரையைக் கழுவி ஊறவிட வேண்டும், மண் தரையை அப்படியும் முழுசாகச் சுத்தம் செய்ய முடியாது. எங்கள் பின்கட்டில் ஒருமுறை பார்வோ வந்த பிறகு ஒரு வருஷம் முழுக்கக் குட்டிகளை நான் வாங்கவே இல்லை, தடுப்பூசி முடிந்த பெரிய நாய்களை மட்டும்தான் வைத்துக்கொண்டேன். குட்டிக்கு ஆறிலிருந்து எட்டு வாரத்தில் முதல் ஊசி, அப்புறம் மூன்று நாலு வாரத்துக்கு ஒன்று என்று பதினாறு வாரம்வரை போட வேண்டும். மூன்று மாதம் ஆனதும் வெறிநோய் ஊசி, அதன்பிறகு வருஷா வருஷம். எட்டு வாரம் ஆகாத குட்டியைத் தாயிடம் இருந்து பிரிக்காதீர்கள், பார்க்க அழகாக இருக்கிறது என்று கேட்டாலும் கொடுக்காதீர்கள். தாயில்லாத குட்டிக்குப் பசும்பால் ஊற்றினால் பேதியாகும், நாய்க்குட்டிக்கென்றே பால் பவுடர் இருக்கிறது.

வெறிநோய் பற்றி. இதில் சமாதானமே கிடையாது. தெருவில் இருந்து வந்த நாய் கடித்தாலோ நகத்தால் கீறினாலோ, குட்டிதானே என்று விடாமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதையும் வைக்காதீர்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி இலவசம். எத்தனை தவணை சொல்கிறார்களோ அத்தனையும் போட்டு முடியுங்கள். அடிக்கடி நாய்களோடு புழங்குகிறவர்கள் கடி படுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளும் ஊசியும் இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள். செப்டம்பர் 28 வெறிநோய் தினத்தை ஒட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் நாய்களுக்கு இலவசத் தடுப்பூசி முகாம் நடக்கும், அப்போது உங்கள் தெருநாயையும் கூட்டிக்கொண்டு போகலாம். குழந்தை கடிபட்ட குடும்பங்கள் எழுதும் கடிதங்களை நான் படிக்காமல் இல்லை. அவர்கள் பயம் நியாயமானது. அதனால்தான் ஊசி போடாத, குணம் தெரியாத நாயை நான் யாருக்கும் கொடுப்பதில்லை, சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு முதல் நாய் வைத்துப் பார்க்கச் சொல்லிப் பரிந்துரைப்பதும் இல்லை.

சாப்பாட்டுக்கு ரொம்பச் செலவாகுமோ என்பார்கள். நம்ம ஊர் ராகிக் களியை நாய்கள் நன்றாகச் சாப்பிடும். கோழிக்கடையில் கிடைக்கிற கழுத்து, ஈரலை மஞ்சள் போட்டு வேகவைத்து, எலும்பை எடுத்துவிட்டு, களியிலோ சோற்றிலோ பிசைந்து வைத்தால் போதும். முட்டையும் தயிரும் போடலாம். வெந்த எலும்பு வேண்டாம், உடைந்து குடலைக் குத்தும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் கூடாது. வைத்தியச் செலவை பெரும்பாலும் மீட்டுக்கொண்டு வந்தவர்களே பார்த்துக்கொள்வார்கள், நாம் இடமும் நேரமும் கொடுத்தால் சரி.

இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி ஒன்று உண்டு. ஒரு நாய் எப்படிப்பட்டது என்று கண்டுபிடிப்பது. கூண்டில் பார்க்கும் நாயும் வீட்டில் இருக்கும் நாயும் வேறு. மிக்ஸி சத்தத்துக்கு என்ன செய்யும், சாப்பிடும்போது கிட்டே போனால் உறுமுமா, பூனையைத் துரத்துமா, தனியாக விட்டுப் போனால் குரைத்துத் தெருவைக் கூட்டுமா, படிக்கட்டு ஏறத் தெரியுமா. இதெல்லாம் ஒரு வீட்டில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஓசூர் பக்கம் விட்டுப்போன ஒரு லாப்ரடார் கொஞ்ச நாள் எங்களிடம் இருந்தது. என்ன சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பவே திரும்பாது, காது கேட்கவில்லையோ என்று நினைத்தோம். தளி பக்கத்தில் இருந்து வந்த எங்கள் உறவுக்காரப் பெண் கன்னடத்தில் "பா, பா" என்றதும் எழுந்து ஓடிப்போய் மடியில் தலையை வைத்துவிட்டது. அன்றில் இருந்து அதற்கு உட்காரு, வேண்டாம் எல்லாமே கன்னடத்தில்தான். மூன்று மொழி பேசுகிற மாவட்டத்தில் இருந்துகொண்டு இது நமக்குத் தோன்றவில்லையே என்று வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு பெங்களூரில் ஒரு கன்னடக் குடும்பத்துக்குப் போயிற்று. அந்த ஒரு விவரம் தெரியாமல் கொடுத்திருந்தால் புது வீட்டில் அதைச் சொன்னபேச்சுக் கேட்காத நாய் என்று ஒதுக்கியிருப்பார்கள்.

தத்துக் கேட்டு வருகிறவர்களிடம் நிறையக் கேள்வி கேட்பேன். கோபித்துக்கொண்டு போனவர்கள் இருக்கிறார்கள், பரவாயில்லை. வாடகை வீடா, ஓனர் சம்மதித்தாரா, வீட்டில் எல்லாருக்கும் சம்மதமா, ஊருக்குப் போனால் யார் சோறு வைப்பார்கள், கேட் இருக்கிறதா, இதற்கு முன் இருந்த நாய் என்ன ஆயிற்று. கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில்தான் பெரும்பாலும் முடிவு தெரிந்துவிடும். மாங்காய் சீசன் நெருங்கும்போது தோப்புக் காவலுக்கு நாய் கேட்டு வருவார்கள். தோப்பில் வளரும் நாய் நன்றாகவும் வளரும், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அறுப்பு முடிந்து ஆள் கிளம்பிய பிறகு அந்த நாய்க்கு யார் பொறுப்பு என்று கேட்டால் பலரிடம் பதில் இல்லை. ராப்பகலாக ஒரு முழச் சங்கிலியில் மரத்தில் கட்டிவைத்தால்தான் கோபம் வரும், நன்றாகக் காவல் காக்கும் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். குட்டையான சங்கிலியில் நேரங்காலம் இல்லாமல் கட்டிப்போடுவதும் அதே 11-ஆவது பிரிவின்படி குற்றம்தான். கட்டியே கிடக்கும் நாய்தான் அவிழ்த்துவிட்டால் கடிக்கும், இதைக் கால்நடை டாக்டர் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். சம்மதம் என்றால் ஒரு படிவத்தில் கையெழுத்து, அடையாள அட்டை நகல், ஊசி போட்ட புத்தகம், குட்டியாக இருந்தால் வயசு வந்ததும் கருத்தடை செய்வேன் என்ற உறுதி. கொடுத்த பிறகு போன் செய்து கேட்போம், ஒத்துவரவில்லை என்றால் எங்களிடமே திருப்பிக் கொடுங்கள், தெருவில் விடாதீர்கள் என்றும் சொல்லியே அனுப்புவோம்.

பிரிய மனசு வருமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். வராது. ஒவ்வொரு தடவையும் அழுகை வரும், அதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. ஆனால் நானே எல்லாவற்றையும் வைத்துக்கொண்டால் இரண்டாவது நாயோடு என் வீடு நிறைந்துவிடும், அதற்குப் பிறகு வருகிற ஒன்றுக்கும் இடம் இருக்காது. போன நாயின் போட்டோ புது வீட்டில் இருந்து வரும், பிள்ளைகள் காலடியில் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்தால் அழுத கண்ணே சிரிக்கும். நாய் நம்மை மறந்துவிடுமோ என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், மறக்கட்டும். புது வீட்டை அது தன் வீடாக நினைத்துவிட்டது என்றுதானே அர்த்தம்.

நம் மண்ணுக்கு நாய் புதிது இல்லை. தருமபுரி அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலில் தேய்பிறை அஷ்டமிக்கு எவ்வளவு கூட்டம், பைரவருக்கு வாகனமே நாய்தான். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் முழுக்க நடுகல் இருக்கிறது. பக்கத்து திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில், ஏழாம் நூற்றாண்டில், எருமைகளைக் காக்கப் போராடி இறந்த ஒரு வீரனுக்கு வைத்த கல்லில் அவனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன், அது கள்ளனைக் கடித்துக் காவல் நின்றது என்று எழுத்தும் வெட்டியிருக்கிறார்கள். ராஜா பெயர் போட்ட கல்லில் ஒரு நாய்க்கும் பெயர் போட்ட ஊர்க்காரர்கள் நாம். அந்தக் கோவிவன் எந்த ஜாதி நாய் என்று யாரும் கேட்கவில்லை. இன்றைக்கு ஓசூரில் வீடு மாறுகிற சிலர் ஹஸ்கி என்கிற குளிர்நாட்டு நாயை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கி, ஏசி இல்லாமல் அது சித்திரை வெயிலில் இளைப்பதைப் பார்த்துவிட்டுக் கைவிடுகிறார்கள். நம்ம நாட்டு நாய் இந்த வெயிலுக்கும் களிக்கும் பிறந்தது, தோல் வியாதி குறைவு, வீட்டுக்கு வேண்டிய காவலும் இருக்கும்.

வீட்டு ஓனர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வாடகைதாரர் ஒரு மாதத்துக்கு ஒரு அடிபட்ட நாயை வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டால், எடுத்த எடுப்பில் முடியாது என்று சொல்லாதீர்கள். ஊசி போட்டாயிற்றா, அசிங்கம் செய்தால் யார் அள்ளுவது, எந்தத் தேதிவரை என்று கேளுங்கள். சரியான பதில் வந்தால் சம்மதியுங்கள். நகராட்சிக்கும் ஒன்று. தத்தெடுக்க விண்ணப்பிக்கலாம் என்று நீதிமன்றம் சொல்லியிருக்கிறதே, அந்த விண்ணப்பத்தை எங்கே, யாரிடம் கொடுப்பது என்று அலுவலக வாசலில் ஒரு பலகை எழுதி வையுங்கள். கால்நடை மருத்துவமனைச் சுவரில் தத்துக்குக் காத்திருக்கும் நாய்களின் போட்டோ ஒட்ட ஒரு பலகை கொடுத்தால் மாடு கொண்டுவரும் விவசாயிகள் பார்ப்பார்கள், நல்ல இடமாக அமையும்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் கேட்பதும் ஒன்று உண்டு. வரி விளம்பரப் பகுதியில் வாரத்துக்கு ஒரு சின்னக் கட்டம், ஒரு படம், நாலு வரி. வயசு, ஊசி விவரம், குணம், எப்படிப்பட்ட வீடு வேண்டும். போனில் போட்டோ போட்டால் பெங்களூர்வரை போய்ச் சேர்கிறது, நம் ஊரில் பேப்பர் படிக்கிற பெரியவர்களிடம் போய்ச் சேர்வதில்லை. வீட்டில் இடமும் நேரமும் பொறுமையும் இருப்பது அவர்களிடம்தான். பெண்ணும் பிள்ளையும் வெளியூரில் செட்டிலாகிவிட்ட தம்பதிகள், ஓய்வுபெற்றவர்கள், கேட் போட்ட வீடு உள்ளவர்கள். பத்து வருஷத்துக்கு ஒரு நாயை ஏற்றுக்கொள்ள வயசு இடம் கொடுக்காது என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு மாதம் வைத்துக்கொள்வது முடியும்.

முதல் கட்டத்தில் செவலையைப் போடுங்கள், விவரம் நானே எழுதித் தருகிறேன். இரண்டு வயசுப் பொட்டை, கருத்தடை ஆகிவிட்டது, வெறிநோய் ஊசியும் மற்ற ஊசிகளும் போட்டாயிற்று, புத்தகம் இருக்கிறது. மூன்று கால், நன்றாக ஓடும். மாடிப்படி நிறைய இல்லாத, தரை வீடாக இருந்தால் நல்லது. ஹெல்மெட் போட்டவர்களைக் கண்டால் குரைக்கும், கழற்றிவிட்டால் பேசாமல் போய்விடும். பெண்பிள்ளைகளிடம் ரொம்ப ஒட்டும். மற்ற நாயோடு ஒத்துப்போகும், கோழி இருக்கும் வீட்டுக்கு வேண்டாம். சங்கிலியில் கட்டிவைக்கிறவர்களுக்குக் கிடையாது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குள் என்றால் நாங்களே கொண்டுவந்து விடுகிறோம். கேட்கிறவர்களின் கடிதங்களை உங்கள் அலுவலகத்தில் வாங்கி வைத்தால் நான் வந்து எடுத்துக்கொள்கிறேன். செவலையைக் கேட்காமல், ஒரு மாதம் ஏதாவது ஒரு நாயை வைத்துக்கொள்கிறேன் என்று மட்டும் எழுதுகிறவர்கள் இருந்தால் அவர்கள் கடிதத்தைத் தனியாக எடுத்து வையுங்கள், அவர்களிடம் முதலில் பேச வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பழையபேட்டை, கிருஷ்ணகிரி.